இருமுறை ஊர் நீங்கிய மேற்றிராணியார்

மயிலாப்பூர்க் கடற்கரையில் நிற்கும் சாந்தோம் பேராலயத்தின் மேற்றிராணிமார் வரிசையை வாசித்துச் செல்பவர் கண்ணுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இரண்டு பெயர்கள் எடுப்பாகத் தெரியும். ஒருவர், பழைய கோவிலிருந்த இடத்தில், இன்று நாம் காணும் கூர்ங்கோபுர ஆலயத்தைக் கட்டி முடித்து 1896இல் அபிஷேகம் செய்வித்த ஹென்ரிக் ஜோசே ரீட் டா சில்வா. மற்றவர், 1899 முதல் முப்பது வருஷ காலம் பீடத்திலிருந்து, பிறகு கோவாவின் பிதாப்பிதாவாகச் சென்ற தெயோதோனியோ டி காஸ்ட்ரோ. ஆலயம் எழுப்பியவரை ஊர் நினைக்கும். முப்பது வருஷம் ஆண்டவரையும் நினைக்கும். இவ்விருவருக்கும் நடுவே, 1897இல் நியமனம் பெற்று, இரண்டு வருஷமும் நிறைவாகத் தங்காமல் மாற்றலாகிப் போன அந்தோனியோ ஜோசே டி சௌசா பரோசோவின் பெயர் கண்ணில் படாமலே போய்விடுவது இயற்கை.

ஆயினும், அந்த வரிசையிலுள்ள மேற்றிராணிமாருள் ஐரோப்பியச் சரித்திரத்தில் அதிகமாகப் பேசப்பட்டவர்களில் ஒருவர் அவரே. மயிலையை விட்டுப் போர்த்துக்கல் தேசத்தின் இரண்டாவது பெரிய நகரமாகிய போர்த்தோவின் மேற்றிராணியாராகப் போனவர், 1911இல் அந்நாட்டு அரசாங்கத்தின் சாசனம் ஒன்றினால் பதவியினின்று நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டுத் தம் மேற்றிராசனத்தின் எல்லைக்குள் காலெடுத்து வைக்கலாகாது என்று வெளியேற்றப்பட்டார். மூன்று வருஷத்திற்குப் பின் திரும்பி வந்தார். 1917இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். அவருடைய வாழ்க்கையை முழுவதும் வைத்துப் பார்க்கும்போது எழுகிற கேள்வி ஒன்றுண்டு. மேற்றிராணியாரை ஏற்படுத்துகிறவர் யார்? அரசனா, பாப்பரசரா? ஏற்படுத்தியவர் எவரோ அவரே நீக்கவும் கூடுமா? இக்கேள்வி வேதசாஸ்திரிகளின் பட்டிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. நம் சொந்தக் கடற்கரையிலேயே முந்நூறு வருஷம் தடியடியும் வழக்குமாக நடந்த கேள்வி இது.

பதுரவாதோ என்று நம் கத்தோலிக்க ஊர்களில் வழங்கிய ஏற்பாட்டை இங்கே சற்று விளக்குவது அவசியம். கடல் வழியாகப் புதிய தேசங்களுக்குச் சென்ற போர்த்துக்கல் அரசர்களுக்குப் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் பாப்பரசர்கள் ஓர் உரிமையை வழங்கினார்கள். கோவில் கட்டுவதும் குருக்களை அனுப்புவதும் அவர்களுக்குப் படியளப்பதும் அரசன் பொறுப்பு. அதற்கு ஈடாக, அந்தத் தேசங்களின் மேற்றிராணிமார் யாராக இருக்க வேண்டுமென்று பெயர் குறித்துக் கொடுப்பது அரசன் உரிமை. மயிலாப்பூர் மேற்றிராசனம் 1606இல் உண்டானது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். போர்த்துக்கலின் கடற்படை தளர்ந்து, பணம் வற்றி, அனுப்பக் குருக்கள் இல்லாமற் போன பின்பும் உரிமை மட்டும் உயிரோடிருந்தது. 1622இல் ரோமாபுரியில் ஏற்பட்ட விசுவாசப் பரப்புச் சங்கம் தன் சொந்தக் குருக்களை அனுப்பத் தொடங்கவே, ஒரே நாட்டில் இரண்டு அதிகாரங்கள் முளைத்தன. தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் பதுரவாதோ குருக்களின் கையிலிருந்தமையால், சேசு சபையார் திரு இருதய ஆலயத்தைத் தனியே எழுப்பிக்கொள்ள நேர்ந்தது. அண்ணன் ஒரு கோவிலுக்கும் தம்பி மறு கோவிலுக்கும் போன குடும்பங்களின் கதையைக் கடற்கரை ஊர்களில் முதியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886ஆம் வருஷத்து உடன்படிக்கை இந்தச் சண்டையை ஒருவாறு அடக்கி, மயிலாப்பூரைப் போர்த்துக்கலின் உரிமைக்குட்பட்ட மேற்றிராசனமாகவே நிலைநிறுத்தியது. தஞ்சைச் சீமையும், வங்காளத்தில் ஹூக்ளி, டாக்கா முதலிய இடங்களின் பழைய கோவில்களும் அதன் கீழ் வந்தன. ஆக, பரோசோ மயிலைக்கு வந்தது போர்த்துக்கல் அரசனுடைய கைச்சீட்டோடுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் அவருக்கு நேர்ந்தவற்றின் விசித்திரம் விளங்கும்.

அவர் பிறந்தது 1854ஆம் வருஷம் நவம்பர் 5ஆம் தேதி, போர்த்துக்கலின் வடபகுதியில் பார்செலோஸ் நகரத்தை அடுத்த ரெமெல்யே என்னும் சிற்றூரில், எளிய குடியானவக் குடும்பத்தில். குருத்துவம் பயின்றது செர்நாஷ் தொ போன்ஜார்திம் என்ற ஊரிலிருந்த கடல்கடந்த நாடுகளுக்கான வேதபோதகக் கல்லூரியில். இக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1834இல் போர்த்துக்கலின் அரசாங்கம் துறவற சபைகளையெல்லாம் கலைத்து அவற்றின் மடங்களைக் கைப்பற்றிக்கொண்டது. மடங்கள் போனபின் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பத் துறவிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்? ஆகவே அரசாங்கமே தன் செலவில் மேற்றிராசனக் குருக்களைப் பயிற்றி அனுப்ப ஏற்படுத்திய கூடம் அது. வேலியை வெட்டியவனே பயிருக்குக் காவற்காரன் தேடிய கதை. அங்கே படித்தவன் சம்பளத்தாலும் கடமையாலும் ராஜாங்கத்தின் ஊழியனே. 1879இல் குருப்பட்டம் பெற்ற பரோசோவும் அத்தகைய ஊழியராகவே 1880இல் அங்கோலாவுக்குக் கப்பலேறினார்.

மறு வருஷம் அவரைச் சான் சல்வதோர் என்று போர்த்துக்கேயர் பெயரிட்டிருந்த பழைய காங்கோ ராஜதானிக்கு அனுப்பினார்கள். இன்று அதன் பெயர் முபான்சா காங்கோ. 1596இலேயே மேற்றிராசனமாக உயர்த்தப்பட்ட ஊர். பதினாறாம் நூற்றாண்டிற் கட்டிய கதீட்ரலின் கூரையற்ற சுவர்கள் மட்டும் அப்போது மிஞ்சியிருந்தன. ஐந்தாம் பேதுரு என்ற ஞானஸ்நானப் பெயர் தாங்கிய அரசன் ஒருவன், பரப்பிற் சுருங்கிப் பெயரிற் பெருத்த ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்தான். 1879 முதல் ஆங்கிலேய பாப்டிஸ்டு போதகர்களும் அங்கே வந்து குடியேறியிருந்தார்கள். காங்கோ ஆற்றின் முகத்துவாரத்திற்கு இங்கிலாந்து, பிரான்சு, பெல்ஜிய அரசன் லியோபோல்து ஆகியோர் போட்டியிட, 1884-85இல் பெர்லினில் ஆப்பிரிக்காவைப் பங்கு போடும் மகாநாடு கூடிய தருணம் அது. அத்தகைய தருணத்தில் அந்த ஊரில் ஒரு போர்த்துக்கேயக் குரு பள்ளிக்கூடம் வைத்து, தோட்டம் போட்டு, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, பூசை செய்துகொண்டிருந்தார் என்றால், அது வேத ஊழியம் மட்டுமன்று, லிஸ்பன் மந்திரிகளின் கண்ணில் அது பாத்தியதைக்கு அத்தாட்சியுமாகும். பரோசோவும் இதை அறியாதவரல்லர். 1889இல் லிஸ்பன் பூகோள சங்கத்தில் காங்கோவின் இறந்த காலம், நிகழ் காலம், எதிர் காலம் பற்றி அவர் செய்த பிரசங்கம், வேதபோதகரின் குரலும் தேசாபிமானியின் குரலும் பிரிக்க முடியாதபடி கலந்தொலித்த பிரசங்கம். அவரைப் பிற்காலத்தில் புகழ்ந்தெழுதிய சிலர் இந்தக் கலப்பைப் பூசி மெழுகிவிடுகிறார்கள். அது அவருக்கும் நியாயமன்று, சரித்திரத்திற்கும் நியாயமன்று.

பிறகு மொசாம்பிக். 1891இல் அப்பிரதேசத்தின் திருச்சபைத் தலைவராகவும், ஹிமேரியா என்னும் பெயரளவிலான பீடத்தின் மேற்றிராணியாராகவும் நியமிக்கப்பட்டார். எண்ணிக்கையில் மிகக் குறைந்த குருக்களை வைத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து சாம்பேசி ஆற்றின் உட்பகுதி வரை பரந்த பூமியில் அவர் சுற்றியலைந்து எழுதிய அறிக்கை, இல்லாததை இருப்பதாகக் காட்டும் வழக்கமான அரசாங்க அறிக்கைகளினின்றும் வேறுபட்டது. காட்டுக் காய்ச்சல் உடம்பை வாட்டியது. எஞ்சியிருக்கும் புகைப்படங்களில் மார்பளவு இறங்கிய தாடியோடு அவர் காட்சியளிக்கிறார். போர்த்துக்கலின் மேற்றிராசனக் குருக்கள் அந்நாளில் தாடி வளர்ப்பது வழக்கமன்று. அது ஆப்பிரிக்கக் காடுகளில் வளர்ந்த தாடி. பிற்காலத்தில் போர்த்தோவின் தெருக்களில் அவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டியதும் அதுவே.

மயிலையில் அவர் இருந்த காலத்தைப் பற்றி நீட்டி எழுத விஷயமில்லை. புதிய ஆலயத்தின் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத நாட்களில் வந்தார். பம்பாயில் 1896இல் மூண்ட மகாமாரி இந்தியாவெங்கும் அச்சத்தை விளைவித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 1899இல் போர்த்தோவுக்குப் பெயர் குறிக்கப்பட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்டவரை அங்கேயும் மகாமாரியே எதிர்கொண்டது என்பது தற்செயலாயினும் குறிப்பிடத்தக்கது. 1899ஆம் வருஷத்துக் கோடையில், ஆற்றங்கரைச் சேரிகளில் கட்டி கிளம்பிச் சிலர் மாண்டதை ஆராய்ந்து, இது இந்தியாவைப் பீடித்த அதே பிளேக்குதான் என்று நிரூபித்தார் நகர வைத்தியர் ரிக்கார்தோ ஜோர்ஜே. ஆகஸ்டில் அரசாங்கம் நகரத்தைச் சுற்றிப் பட்டாளத்தை நிறுத்தி, யாரும் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாதென்று தடுத்தது. வியாபாரம் நின்றது, கூலி நின்றது, ஜனங்கள் வைத்தியரை அடிக்கப் பாய்ந்தார்கள், அவர் லிஸ்பனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. லிஸ்பனிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த காமரா பெஸ்தானா என்ற இளம் வைத்தியர் அந்நோய் தொற்றியே இறந்தார். அதே ஆகஸ்டு மாதத்தில்தான் பரோசோ தம் புதிய பீடத்தில் அமர்ந்தார். பீடமேறும் மேற்றிராணியாருக்கு ஊர் மாலையிடுவது வழக்கம். அவருக்கு வாய்த்த ஊரோ பட்டாளம் வளைத்து நிற்க, பசியும் பீதியுமாய்க் கிடந்த ஊர். அந்த நகரத்தின் ஏழைகளுக்கும் அவருக்கும் பின்னாளில் இருந்த ஒட்டுறவு அந்த மாதங்களில் வேர் பிடித்ததென்றே நான் கருதுகிறேன்.

குருத்துவ விரோதம் போர்த்துக்கலின் நகரங்களில் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. 1901இல், போர்த்தோவிலிருந்த பிரேசில் தேசப் பிரதிநிதியின் மகள் கன்னியர் மடத்தில் சேர விரும்பிய விவகாரம் தெருக்கலகமாக முற்றி, துறவற சபைகளுக்கு எதிரான அரசாங்க உத்தரவுகளில் போய் முடிந்தது. அது சிறு பொறி. 1910ஆம் வருஷம் அக்டோபர் 5ஆம் தேதி லிஸ்பனில் அரசாட்சி கவிழ்ந்து குடியரசு பிறந்தபோது நெருப்பு முழுவதும் பற்றிக்கொண்டது. மூன்றே நாளில், சேசு சபையாரை முன்பு துரத்திய பழைய மந்திரி பொம்பாலின் காலத்துச் சட்டங்கள் தூசி தட்டி எடுக்கப்பட்டன; சேசு சபையார் மீண்டும் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டனர்; நவம்பரில் விவாகரத்துச் சட்டம் வந்தது; கிறிஸ்துமஸ் தினத்தன்று குடும்பச் சட்டங்கள் வந்தன. இவற்றையெல்லாம் முன்னின்று நடத்தியவர் நீதி மந்திரி அஃபோன்சோ கோஸ்தா. கூரிய புத்தியும் வன்மையான நாவும் படைத்த வக்கீல். அவசரத்தையே ராஜதந்திரமாகக் கொண்டவர்.

மேற்றிராணிமார் 1910 டிசம்பர் 24ஆம் தேதியிட்டு ஒரு பொதுமடல் தயாரித்தார்கள். குடியரசை ஏற்கலாகாது என்று அதில் சொல்லவில்லை. அமைந்துவிட்ட அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது கத்தோலிக்கர் கடமையென்றே சொல்லியிருந்தது. ஆனால் புதிய சட்டங்கள் வேதத்துக்கு விரோதமானவை என்பதையும் மறைக்காமற் சொல்லியது. 1911 பிப்ரவரியில் இம்மடலைக் கோவில்களில் வாசிக்கும் ஏற்பாடு நடந்தபோது, வாசிக்கக் கூடாதென்று கோஸ்தா தடை விதித்தார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய ஆதாரந்தான் இச்சம்பவத்தின் மிக ருசிகரமான அம்சம். மேற்றிராணிமாரின் மடல்கள் பிரசுரமாகுமுன் அரசனுடைய இசைவைப் பெற வேண்டுமென்பது பழைய முடியாட்சியின் சட்டம். அரசனைத் துரத்தியாயிற்று, முடியைத் தூக்கியெறிந்தாயிற்று, திருச்சபையை அரசாங்கத்தினின்று பிரிக்கப் போவதாகவும் பறையறைந்தாயிற்று, எனினும் அரசனுடைய அந்த ஒரு பாத்தியதையை மட்டும் குடியரசு பத்திரமாக எடுத்துத் தன் மடியில் முடிந்துகொண்டது. எந்தப் பதுரவாதோ உரிமையால் பரோசோ மூன்று கண்டங்களில் பதவி வகித்தாரோ, அவ்வுரிமையின் மறுமுனைதான் இப்போது அவர் மார்பைக் குறி வைத்தது.

மற்ற இடங்களில் தயக்கமும் தாமதமும் தோன்றியிருக்க, போர்த்தோவில் பரோசோ தம் பங்குக் குருக்களுக்கு மடலை வாசிக்கும்படியே உத்தரவிட்டார். இதன் பொருளைச் சரியாக உணர, ஒரு மலையோரக் கிராமத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கற்பனை செய்து பார்க்கலாம். பீடத்தில் பங்குச் சாமியார். கையில் மேற்றிராணியாரின் மடல். சட்டைப்பையில் வாசிக்காதே என்ற அரசாங்கத் தாக்கீது. கோவிலின் பின்வரிசையில் ஊர் அதிகாரி. சாமியாரைத் தன் ஊழியராகக் கணக்கிடுவது அரசாங்கம். அவருக்குப் பட்டம் தந்தவர் மேற்றிராணியார். இருவரில் யாருக்கு அவர் ஊழியர் என்பதை அந்த ஒரு நிமிஷத்தில் தீர்மானித்தாக வேண்டும். பரோசோ அந்தப் பாரத்தைத் தம் குருக்களின் தலையில் விட்டுவிடவில்லை. வாசிக்கச் சொன்னது நானே என்று பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். இதுவே அவர் செய்த குற்றம்.

அவரை லிஸ்பனுக்கு வரவழைத்தார்கள். மார்ச்சு 7ஆம் தேதி கோஸ்தா அவரை நேரில் விசாரித்தார். தெருவில் கூட்டம் கூவி இழிசொற்களை வீசியது. மறுநாள் தேதியிட்ட சாசனத்தின்படி அவர் பதவி இழந்தவர். அவருடைய பீடம் காலி. மந்திரியின் தர்க்கம் மிக எளிது. மேற்றிராணியார் என்பவர் சம்பளம் பெறும் அரசாங்க உத்தியோகஸ்தர்; உத்தரவை மீறிய உத்தியோகஸ்தரை நீக்க அரசாங்கத்துக்கு அதிகாரமுண்டு. நாட்டாண்மைக்காரர் ஒருவரைத் தள்ளுவது போல் ஒரு மேற்றிராணியாரைத் தள்ளிவிடலாம் என்று நம்பிய இந்தத் தர்க்கத்தை வெறும் ஆணவம் என்று ஒதுக்கிவிட முடியாது. முந்நூறு வருஷமாகப் பெயர் குறித்துக் கொடுத்து வந்த அரசாங்கம், கொடுத்தவனுக்கு எடுக்கவும் உரிமையுண்டு என்று எண்ணுவதற்குத் திருச்சபையே வழி வைத்திருந்தது. பதுரவாதோவின் நிழலில் நெடுங்காலம் சுகமாயிருந்தவர்கள் இதைச் சிந்தித்திருக்க வேண்டும். ரோமாபுரியோ சாசனத்தைச் செல்லாததென்றே கருதியது. போர்த்தோ பீடத்துக்கு வேறொருவரையும் நியமிக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் காலியாகவும் திருச்சபைக் கணக்கில் நிறைந்தும் இருந்த விந்தைப் பீடமாயிற்று அது.

வெளியேற்றப்பட்டவரை முதலில் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? செர்நாஷ் தொ போன்ஜார்திமுக்கு. முப்பது வருஷத்துக்கு முன் ராஜாங்கத்தின் ஊழியராக அவர் உருவான அதே கல்லூரிக்கு. பிறகு சொந்த ஊராகிய ரெமெல்யேயில் தங்க அனுமதித்தார்கள். ரெமெல்யே, பிராகா அதிமேற்றிராசனத்தைச் சேர்ந்தது. போர்த்தோவின் எல்லைக்கு வெளியிலுள்ளது. கண்ணுக்கெட்டும் தூரமென்று சொல்லாவிட்டாலும் ஒருநாட் பயணத்துக்குள் தம் மக்கள் இருக்க, அவர்களிடையே போகக் கூடாதவராய், பிறந்த வீட்டில் விருந்தாளி போல அவர் வாழ்ந்தார். அந்த ஏப்ரல் மாதம் 20ஆம் தேதி பிரிவினைச் சட்டம் வெளியாயிற்று. கோவில்களும் குருமனைகளும் அரசின் உடைமை. வழிபாட்டை நடத்த இல்லறத்தார் சங்கங்கள். கோவிலுக்கு வெளியே குருக்கள் அங்கி தரிக்கலாகாது. இணங்கும் குருக்களுக்கு உபகாரச் சம்பளம். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் மே மாதத்தில் தனி மடல் எழுதி இச்சட்டத்தைக் கண்டித்தார். பெரும்பாலான குருக்கள் உபகாரச் சம்பளத்தை வேண்டாமென்று தள்ளினார்கள். ஏழைக் குருக்கள் பலர் அவர்களில் இருந்தமையால் இது சிறிய காரியமன்று. பரோசோவைத் தொடர்ந்து லிஸ்பன் பிதாப்பிதா உட்பட மற்ற மேற்றிராணிமாரும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் எல்லைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். முதலில் நின்றவர் தனியே நின்றார். பின்னால் வந்தவர்களுக்குத் துணையிருந்தது.

1914இல் அரசாங்கம் சற்று இறங்கி வந்து மன்னிப்பு வழங்கவே, அவர் போர்த்தோவுக்குத் திரும்பினார். 1917இல், துறவற வாழ்வு சம்பந்தமான சட்டத்தை மீறிக் கன்னியர் சிலர் கூடி வாழ இடங்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் மறுபடியும் வெளியேற்றம். இம்முறை கோயிம்பிரா நகரில் தங்கினார். அறுபது வயதைக் கடந்து, ஆப்பிரிக்கக் காய்ச்சலின் மிச்சத்தைச் சுமந்த உடம்பு அது. அவ்வருஷம் டிசம்பரில் சிதோனியோ பாயிஸ் என்பவர் படைத்துணையோடு ஆட்சியைக் கைப்பற்றியதும், மேற்றிராணிமார் மீதிருந்த தண்டனைகள் அனைத்தும் ரத்தாயின. பரோசோ மூன்றாம் முறையாகத் தம் நகரில் பிரவேசித்தார்; அதிக நாள் இருக்கவில்லை. 1918 ஆகஸ்டு 31ஆம் தேதி காலமானார். உடலை ரெமெல்யேக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். 2017இல் பாப்பரசர் பிரான்சிசு அவருடைய வீரத்துவமான புண்ணியங்களை அங்கீகரித்து அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற நிலையை வழங்கினார்.

இக்கதையை இங்கே நிறுத்தினால், வேத விரோதிகள் ஒரு வேத ஊழியரைத் துன்புறுத்தினார்கள் என்ற பழகிய சித்திரத்தோடு வாசகர் திருப்தியடைந்துவிடக்கூடும். அச்சித்திரத்தைக் குலைக்கும் இரண்டாம் கதை அதே போர்த்தோ பீடத்திலேயே இருக்கிறது.

குடியரசு 1926இல் படைப்புரட்சியால் வீழ்ந்தது. கொஞ்ச காலத்தில் அதிகாரம் முழுவதும் அந்தோனியோ சலாசார் என்ற பேராசிரியரின் கையில் ஒடுங்கிற்று. அவர் வேத விரோதியல்லர். இளமையில் குருமடத்தில் படித்தவர். லிஸ்பன் பிதாப்பிதா செரெஜெய்ராவோடு கோயிம்பிராவில் ஒரே வீட்டில் குடியிருந்தவர். 1940இல் அவர் பரிசுத்த சிங்காசனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை, கோஸ்தா பறித்தவற்றுள் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதில் ஒரு சின்ன விதி இருந்தது. மேற்றிராணியார் ஒருவரை நியமிக்குமுன், அரசியல் காரணமாக ஆட்சேபம் உண்டா என்று அறியும்பொருட்டு அவர் பெயரை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அரசன் பெயர் குறித்துக் கொடுத்த காலம் போய், அரசாங்கம் பெயரை அலசிப் பார்க்கும் காலம் வந்தது. அவ்வாறு அலசப்பட்டு, ஆட்சேபமின்றி 1952இல் போர்த்தோவுக்கு வந்தவர்தான் அந்தோனியோ ஃபெரைரா கோமெஸ். 1906இல் பெனாஃபியேல் பகுதியில் பிறந்து, ரோமாபுரியில் தத்துவம் பயின்று, குருமடத்தின் அதிபராயிருந்தவர், நிறையப் படித்தவர், நயந்து பேசத் தெரியாதவர்.

1958ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில், உம்பெர்தோ தெல்காதோ என்ற விமானப்படைத் தளபதி சலாசாரின் வேட்பாளரை எதிர்த்து நின்றார். மே மாதம் அவர் போர்த்தோவுக்கு வந்தபோது திரண்ட ஜனசமுத்திரத்தைக் கண்டு அரசாங்கம் கலங்கிற்று. முடிவில் அவருக்குக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது கால்வாசி வாக்கு. தேர்தலுக்கு அடுத்த மாதம், ஜூலை 13ஆம் தேதி, கோமெஸ் சலாசாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சந்தித்துப் பேச வேண்டிய விஷயங்களின் குறிப்பாக எழுதியதேயன்றிப் பிரசுரத்துக்கென்று எழுதியதன்று. கிராமத்து ஏழைகளின் அவல நிலை, தொழிலாளிகளுக்கு வேலை நிறுத்த உரிமையின்மை, ஆட்சியோடு ஒட்டி உறவாடுவதால் ஜனங்களின் நம்பிக்கையைத் திருச்சபை இழந்து வருவது ஆகியவற்றைச் சொல்லி, திருச்சபை தன் சமூகக் கோட்பாட்டைப் போதிப்பதற்கும், கத்தோலிக்கர் தம் அரசியற் கடமைகளில் பயிற்சி பெறுவதற்கும் அரசாங்கத்துக்கு ஏதேனும் ஆட்சேபமுண்டா என்று அதில் கேட்டிருந்தார். கடிதம் கசிந்தது, கைப்பிரதிகளாகி நாடெங்கும் ரகசியமாகச் சுற்றியது.

பிறகு நடந்ததற்கும் 1911க்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. சாசனமில்லை, விசாரணையில்லை, மந்திரியின் அறையில்லை, தெருக்கூச்சலுமில்லை. நாட்டை விட்டுச் சில காலம் விலகியிருப்பது நல்லதென்ற ஆலோசனை பல வாய்கள் வழியாக அவர் காதில் விழுந்தது. 1959 ஜூலை 24ஆம் தேதி விடுமுறையென்று எல்லையைத் தாண்டினார். திரும்ப வந்தபோது எல்லைச் சாவடி திறக்கவில்லை. அவ்வளவே. மற்ற மேற்றிராணிமாரோ அவருக்காக வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. கோஸ்தாவின் காலத்தில் பரோசோவுக்குப் பின்னால் ஒரு திருச்சபையே நின்றது. நண்பன் ஆண்ட காலத்தில் கோமெஸ் தனிமரமாய் நின்றார். பகைவன் கையால் வெளியேற்றப்படுவதைவிட, தன்னவரின் மௌனத்தால் வெளியேற்றப்படுவது கொடிது என்பது என் அபிப்பிராயம்.

ரோமாபுரி ஒரு நிர்வாகியை நியமித்ததேயன்றி, கோமெஸைப் பதவியினின்று இறக்கவில்லை. பத்து வருஷம் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலுமாக அலைந்துகொண்டே அவர் போர்த்தோவின் மேற்றிராணியாராயிருந்தார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் அந்தப் பெயரோடேயே அமர்ந்தார். 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் பாத்திமாவுக்கு வந்து சலாசாரைச் சந்தித்த நாளிலும் அவர் எல்லைக்கு வெளியேதான். 1968இல் சலாசார் நாற்காலியிலிருந்து விழுந்து மூளை பாதிக்கப்பட்டு ஆட்சியை இழந்த பின், மார்செலோ கைத்தானோவின் அரசாங்கம் அவரை 1969 ஜூனில் நாட்டுக்குள் அனுமதித்தது. வந்தவர் அடங்கிவிடவில்லை. 1970இல் மேற்றிராசனத்துக்கென ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும், பரோசோ பூசை செய்து திரிந்த அதே பூமியில், போர்த்துக்கல் சுதேசிகளோடு யுத்தம் நடத்திக்கொண்டிருக்கையில், புத்தாண்டு தினத்துச் சமாதானப் பிரசங்கங்களில் அரசாங்கத்தின் செவிக்கு இன்னாதவற்றைச் சொன்னார். 1974 ஏப்ரலில், போர்த்தோவின் குருவாயிருந்து மொசாம்பிக்கில் நம்புலாவின் மேற்றிராணியாரான மனுவேல் வியெய்ரா பிந்தோவை அதே அரசாங்கம் அங்கிருந்து வெளியேற்றியது. சில நாட்களுக்குள், ஏப்ரல் 25ஆம் தேதி, படைப்புரட்சியால் அரசாங்கமே வெளியேறிற்று.

கோமெஸ் 1982இல் ஓய்வு பெற்று, 1989 ஏப்ரலில் எர்மெசிந்தேயில் காலமானார். மயிலாப்பூரில் பெயர் குறிக்கும் உரிமையைப் போர்த்துக்கல் 1950இல் விட்டுக்கொடுத்தது. 1952இல் மயிலாப்பூர் மேற்றிராசனம் சென்னையோடு இணைக்கப்பட்டது. போர்த்துக்கலிலோ கதை அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு நீண்டது. 2004இல் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையின்படி, மேற்றிராணியாரை நியமிப்பது பரிசுத்த சிங்காசனத்துக்கு மட்டுமே உரியது. அரசாங்கத்துக்கு அச்செய்தி தெரிவிக்கப்படும்.